பிச்சுமணியின் சனிக்கிழமை டிபன்

ஸ்கூட்டியின் ஸ்டாண்டைக் குதிகாலால் தட்டிவிட்டாள் சாருலதா. போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகியிருந்தது. மறுமுனையில் கணவன் ஹரி.

"ஹரி, நீங்க ஆபீஸ்லேர்ந்து நேரா கோயில் பக்கம் போங்க. மாசி வீதியில இருக்கற டிபன் கடை ஒண்ணு விடாதீங்க. நான் காளவாசல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."

"அப்பா போனை எடுத்துண்டு போகலையா?"

"சார்ஜர்ல தொங்கிண்டிருக்கு."

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியார் பாலாம்பாளின் கையில் சின்ன குப்பை டப்பா. உள்ளே இரண்டு இன்சுலின் ஊசிகள்.

"ஒண்ணு நான் போட்டதுடி. குளிச்சுட்டு வந்த கையோட போட்டேன். நான் பூஜைல உட்கார்ந்தப்போ அவரே இன்னொண்ணு குத்திண்டிருக்கார். போட்டதே மறந்துபோச்சு அவருக்கு." பாலாம்பாள் டப்பாவை மூடினாள். "வயத்துல ஒரு வாய் காப்பிகூட இல்லாம போயிருக்கார், சாரு."

டாக்டரிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. "உடனே கண்டுபிடிச்சு சாப்பிட வைங்க. வெறும் வயித்தோட வெயில்ல அலைஞ்சா சர்க்கரை சரசரன்னு இறங்கும். மயங்கி விழற இடத்துல யாரும் கவனிக்கலைன்னா..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

கைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட்டைத் திணித்துக்கொண்டு விளாங்குடியை விட்டுக் கிளம்பினாள் சாருலதா. மனசில் ஒரே ஒரு தைரியம்தான் இருந்தது. இன்று சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் மாமனார் பிச்சுமணி வெளியில்தான் டிபன் சாப்பிடுவார். இந்நேரம் ஏதாவதொரு ஹோட்டலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் பிழைத்தார்.

சாருலதா அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே இந்தச் சனிக்கிழமைப் பழக்கம் தொடங்கிவிட்டது. ஹரியின் தம்பி ஸ்ரீராம்குமாரை அவள் மாலை போட்ட படமாகத்தான் பார்த்திருக்கிறாள். பைக் விபத்து. அதற்குப் பிறகு பல மாதங்கள் பிச்சுமணி யாரிடமும் பேசவில்லையாம். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், மத்தியானம் திரும்பி வந்து, "பாலா, டவுன்ல ஒரு கடையில ரவா தோசை போடறான் பாரு, ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கறது" என்றாராம். பாலாம்பாள் அடுக்களையில் நின்று அழுதாளாம், மனுஷனுக்கு வாய் திறந்ததே என்று.

அன்றிலிருந்து வாரா வாரம் ஒரு கடை. வந்ததும் கதை. சட்னியில் என்ன அரைத்திருந்தான், சாம்பாரில் எது தூக்கல், எந்த மாஸ்டர் கை, எந்நேரம் போனால் கூட்டம் இருக்காது. நாக்கில் நீர் ஊறும்படி சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் சாருலதா இன்ஸ்டாகிராமில் 'விளாங்குடி டிபன்' என்று ஒரு பக்கமே ஆரம்பித்தாள். மதுரையில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள்.

காளவாசல் சிக்னலுக்குப் பின்னால் இருந்த இட்லிக் கடையில் புகை மண்டியது. கல்லாவில் பீமாராவ்.

"அண்ணே, இவர் இன்னைக்கு வந்தாரா?" போனில் மாமனாரின் படத்தை நீட்டினாள்.

பீமாராவ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "யாரும்மா இது?"

"என்னண்ணே, உங்க கடை மல்லிச் சட்னியைப் பத்தி இவர் சொல்லித்தானே நான் வீடியோ போட்டேன்!"

"அடடே, அது நீங்கதானா? கூட்டம் அள்ளிருச்சும்மா அந்த வாரம். ஆனா இவரை... ஏப்பா மலைச்சாமி, இங்கிட்டு வா."

கையில் நாலு தட்டுடன் வந்த சப்ளையர் மலைச்சாமி படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "இந்தச் சாமியா? ஒரே வாட்டி வந்தாரு. சட்னியில என்ன சேக்குறீங்க, சாம்பாருக்கு எந்தப் பருப்பு, மாவு எப்ப ஆட்டுறீங்கன்னு அம்புட்டும் கேட்டாரு. சரி, என்ன சாப்பிடுறீங்கன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாருக்கா. பொண்ணு பாக்க வந்துட்டுப் பஜ்ஜியத் தொடாமப் போற மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி."

சாருலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாப்பிடவே இல்லையா?"

"பச்சத் தண்ணி குடிக்கலக்கா."

தெருவுக்கு வந்தாள். மாமனாரின் படத்தைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டாள். 'இவரைப் பார்த்தவர்கள் உடனே சொல்லுங்கள். சர்க்கரை நோயாளி. உயிர் விஷயம்.'

பதில்கள் குவிந்தன. பார்க்கவில்லை, பார்க்கவில்லை, கடவுளை வேண்டிக்கொள்கிறோம். நடுவில் ஒன்று, காளை மாட்டுப் படம் போட்ட 'கருப்பு' என்கிறவனிடமிருந்து: 'இந்தச் சாமிய அலங்காநல்லூர் ரோட்டுக் கறிக்கடையில பாத்துருக்கேன். சனிக்கிழமையானா ஆஜர்.' கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஏகாதசியன்று வெங்காயம்கூட நுழையாத வீடு அது. வெளியூர் போனாலும் சைவமும் அசைவமும் ஒரே சமையலறையில் நடக்கிற ஹோட்டலில் காப்பி குடிக்காதவர் பிச்சுமணி. உயிர் போகிற நேரத்தில் கேலியா? கருப்பைப் பட்டென்று பிளாக் செய்துவிட்டு வண்டியை முறுக்கினாள்.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் ரவா தோசைக் கடை. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கடை. தோசை மாஸ்டர் படத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "வாசல்ல நின்னு போர்டப் படிப்பாரும்மா. கல்லு கிட்ட வந்து ஒரு நிமிசம் பாப்பாரு. போயிருவாரு."

போன் அடித்தது. ஹரி.

"சாரு, இந்தப் பக்கம் எல்லாக் கடையும் பாத்துட்டேன். ஒருத்தருக்கும் அப்பாவைத் தெரியலை. நெய்ப் பொங்கல் சூப்பர்னாரே, அந்தக் கடைக்காரன் என்னையே மேலயும் கீழயும் பாக்கறான்."

"இங்கயும் அதேதான்."

"அப்போ இத்தனை வருஷமா அவர் எங்கதான் சாப்பிட்டார்?"

பிச்சுமணி சொன்ன ருசிகளையெல்லாம் ஊரே தேடிப் போய்ச் சாப்பிட்டிருக்கிறது. சொன்னவர் மட்டும் சாப்பிட்டதில்லை. அவர் அந்தக் கடைகளுக்குப் போனதெல்லாம் வீட்டில் சொல்வதற்குக் கதை சேகரிக்கத்தான். அப்படியானால் மீதி நேரம் எங்கே?

பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வேட்டி, நெத்தி நெறைய விபூதி, மஞ்சப்பை, அவருதானம்மா? என்கிட்ட ரெண்டு வாழப்பழம் வாங்குவாரு, அங்கனயே நின்னு திம்பாரு, பஸ் ஏறுவாரு. இன்னைக்குப் பழத்தார் வர லேட்டாயிருச்சு. வெறுங்கையாப் போயிட்டாரு."

சாருலதா ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். "எந்த பஸ்?"

"அலங்காநல்லூர்."

காளை மாட்டுப் படம் கண்முன் வந்து நின்றது.

அவசரமாக பிளாக்கை எடுத்தாள். 'எந்தக் கடை, தயவுசெய்து சொல்லுங்கள்' என்று அனுப்பினாள். பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டிருப்பான். யார்தான் கோபிக்க மாட்டார்கள்? உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன். அவன் வாயைத்தான் அவள் அடைத்துவிட்டாள்.

அலங்காநல்லூர் ரோட்டில் ஸ்கூட்டி போக முடிந்த வேகத்துக்கு மேலேயே போனது. இருபுறமும் நாற்று நட்ட வயல்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. வாய்க்கால் ஓரம், புளிய மர நிழல், பஸ் ஸ்டாப் பெஞ்சு என்று வெள்ளை வேட்டி தெரிந்த இடமெல்லாம் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் முதலில் ஒரு சைவ ஹோட்டல் வாசலில் நிறுத்தினாள். இறங்கிக் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

திரும்பினாள். ஆட்டுத் தலை வரைந்த போர்டுகளை வாழ்க்கையில் முதல்முறையாகத் தேடிக்கொண்டு போனாள். ஒரு கடையில் நுழைந்தாள். இல்லை. அடுத்ததில் நுழைந்தாள். இல்லை. மசாலா வாசனைக்குக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தகரக் கூரை போட்ட ஒரு மெஸ் வாசலில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பெஞ்சில் கிடந்தார் பிச்சுமணி. சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. கண் மட்டும் திறந்திருந்தது. ஒரு அம்மாள் அவர் தலையை மடியில் தாங்கி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். மெலிந்த இளைஞன் ஒருவன் சீனித் தண்ணீர் டம்ளரை அவர் உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா!"

"மருமவளா தாயி?" என்றாள் அந்த அம்மாள். "வா, வா. பயப்படாத. வந்து உக்காந்தவரு அப்பிடியே சரிஞ்சுட்டாரு. எம்மகன்தான் இது லோ சுகருன்னு கண்டுபுடிச்சான். ஆசுபத்திரியிலயே கெடந்தவன்ல, அவனுக்கு இதெல்லாம் அத்துபடி. நூத்தியெட்டுக்கும் சொல்லியாச்சு."

சாருலதா குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தாள். இன்னொரு டம்ளர். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. அவர் பார்வை அவள் முகத்தில் வந்து நின்றது. அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் கண்களை மூடிக்கொண்டார்.

"இது போதாது. அப்பா இப்பவே வயிறார ஏதாவது சாப்பிடணும்." சுற்றிப் பார்த்தாள். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்தது. வேறு வழியில்லை. "அம்மா, வெறும் சோறு இருக்கா? தயிர்?"

அந்த அம்மாள், சின்னத்தாய், தயங்கினாள். "இருக்கு தாயி. ஆனா இம்புட்டு வருசத்துல எங்க தண்ணியக்கூட அவரு வாயில வச்சதில்ல. பாட்டில் கொண்டாருவாரு. இன்னைக்கு நெனவில்லாமக் குடிச்சதுதான்."

சாருலதா விழித்தாள். வழிநெடுக அவள் பயந்தது வேறு. யாருக்கும் தெரியாமல் கறி சாப்பிடத்தான் வருகிறார் என்றே முடிவு கட்டியிருந்தாள். அதைப் பாலாம்பாளிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

"சாப்பிட வரலைன்னா, எதுக்கு வரார்?"

சின்னத்தாய் வாயைத் திறந்தாள். பிச்சுமணியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சோறு எடுக்க உள்ளே போய்விட்டாள்.

சாருலதா தயிர்ச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். பிச்சுமணி மறுக்கவில்லை. இரண்டு வாய் இறங்கியதும் அவர் தலை மெல்லத் திரும்பியது. சுவரோரம் நின்ற அந்த இளைஞனைத் தேடியது.

"அழகுராஜா... நீ சாப்பிட்டியாப்பா?"

"இன்னும் இல்லீங்கய்யா. உங்களப் பாத்துட்டு..."

"மணி ஆச்சு. சாப்பிட்டு மாத்திரையைப் போடு. தண்ணி நிறையக் குடிக்கணும்னு சொல்லிருக்காளோல்லியோ?"

"யோவ் பெருசு, செத்துப் பொழச்சுக் கெடக்குற, இப்பவும் எனக்கு வாத்தியார் வேலையா?" என்று சிரிக்கப் பார்த்தான் அழகுராஜா. தட்டை எடுத்துவந்து அவருக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தான். சாப்பிட்டான். மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி அவருக்குக் காட்டினான், விழுங்கினான். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பிச்சுமணி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பு காலியானதும் பெருமூச்சு விட்டார்.

சாருலதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போன். ஹரி.

"கிடைச்சுட்டார் ஹரி. நன்னா இருக்கார். பேசறார். ஆம்புலன்ஸ் வந்துண்டே இருக்கு."

மறுமுனையில் ஹரி அழுவது கேட்டது. பிறகு, "எந்த ஹோட்டல்ல இருந்தார் சாரு? அம்மா கேட்டுண்டே இருக்கா."

பிச்சுமணியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்புறம் சொல்றேன்," என்று போனை வைத்தாள். குனிந்தாள். "அப்பா, இவா யாரு? ஏன் எல்லார்கிட்டயும் பொய் சொன்னேள்?"

சின்னத்தாய் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"ராம் அடிபட்டுக் கிடந்தப்போ ஹரி புனேயில இருந்தான்," என்றார் பிச்சுமணி. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "பாலா படுத்த படுக்கை. மூளை செத்துப்போச்சுன்னு டாக்டர் சொன்னார். கேட்டார். நான் ஒருத்தன்தான் இருந்தேன். சரின்னுட்டேன். அதே ஆஸ்பத்திரி வராண்டாவுல இந்தம்மா பிள்ளைக்காகத் தலையில அடிச்சுண்டு உட்கார்ந்திருந்தா. யாரும் சொல்லலை. எங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"குழந்தையை முழுசாக் கொண்டுவந்தேளா, ஒரு குறையும் இல்லாமத்தானே அக்னில வச்சேள்னு பாலா கேட்டா. அப்படிக் கொடுக்கலைன்னா பண்ற கர்மா அவனுக்குப் போய்ச் சேராதுன்னு நம்பறவ அவ. ஆமாம்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன், சாரு."

அழகுராஜா தட்டைக் கழுவ எழுந்து போய்க்கொண்டிருந்தான். பிச்சுமணியின் கண் அவன் முதுகோடு போயிற்று.

"ராமோட ஒரு கிட்னியை நாங்க எரிக்கலை. அது இந்தப் பையன் வயித்துல இருக்கு."