விட்டுப்போனது எதுவும் இல்லை

"பிரபஞ்சம் பிரபஞ்சம்னு சொல்றியே, அதுக்கு வெளிய ஏதாவது இருக்குமாடா?" என்று அப்பா கேட்டார். மறுநாள் காலையில் அவருக்கு இருதய ஆபரேஷன்; ராத்திரியே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் கைவிரிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். மனுஷன் பயந்துபோய்க் கேட்கிறார் என்பது உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் புரிந்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் தம்பிக்குத்தான் புரியவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டான்.

"வெளியன்னு ஒண்ணே கிடையாதுப்பா. இருக்கிறது எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பேரு. விட்டுப்போனது எதுவுமே இல்ல."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக அப்பாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்தவள் அவள். பிரசங்கம் செய்ய மட்டும் இவன் ரயிலேறி வந்துவிடுவான். அப்பா தோளில் ஒரு கை வைத்தால் குறைந்தா போய்விடுவான்?

"வெளிச்சம் போறதுக்குள்ள மாமாவோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள் தம்பி மனைவி. அக்கா அவசரமாக முகம் கழுவி, நல்ல துணி மாற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் நாற்காலியில் அப்பா, சுற்றித் தம்பி குடும்பம், சித்தப்பா குடும்பம், எல்லாரும் பல்லைக் காட்டத் தயார்.

"அக்கா, நீதான் கை நடுங்காம எடுப்ப" என்று போனை நீட்டினான் தம்பி. "எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு!" ஒருத்தர் பாக்கியில்லாமல் கத்தினார்கள்.

வாங்கித் திரையில் பார்த்தாள். கூடத்தில் மாட்டியிருக்கும் அத்தனை படங்களையும் இப்படித்தான் எடுத்தாள். ஒன்றிலும் அவள் இல்லை. நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்தக் கடைசிப் படத்திலும் இல்லை. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, நன்றாக வேண்டும் உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விடுவிடுவென்று போய், அப்பாவை ஒட்டி நின்ற தம்பியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, போனை அவன் கையில் திணித்தாள். "நீ எடு."

"அப்ப நான் படத்துல இருக்க மாட்டேனே?"

"ஏன் இருக்க மாட்ட? வெளியன்னு ஒண்ணே கிடையாதுன்னு இப்பத்தானே சொன்ன!"

யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் முழங்காலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். அப்பா குனிந்து பார்க்காமலே தடவித் தடவி, ஈரம் காயாத அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா. எங்கயும் போயிடாத."

எதிரே தம்பி தனியாக, போனை உயர்த்திப் பிடித்தபடி, அழுத்தாமலே நின்றுகொண்டிருந்தான்.