பிச்சைமுத்து அண்ணனின் மண்

என் கணவர் அஸ்ஹருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆடு வளர்க்கிறேன் என்று அக்கரையில் தாசேக் கெலுகோரில் பழைய ரப்பர் நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். கொடுத்தவர் பிச்சைமுத்து அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவருக்கு நண்பர்.

மேய்ச்சலுக்கு விதைத்த புல் மஞ்சளாகவே நின்றது. மண்ணில் அமிலம் கூடியிருக்கும், சோதித்துப் பாருங்கள் என்றார் உரக்கடைக்காரர். இவர் கொண்டுபோன மண்ணில் அவருடைய pH கருவி மூன்றரை காட்டியது; எண் ஏழுக்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடுதலாம். இதில் எந்தப் புல்லும் வராது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். இவர் நேரே போய், அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் முன்னால், "தெரிஞ்சேதான் செத்த மண்ண என் தலையில கட்டிட்டீங்க!" என்று அண்ணனிடம் கத்தியிருக்கிறார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாராம்.

போன வாரம் நான் வற்புறுத்தியதால் பிளாஸ்டிக் பையில் மறுபடி மண் எடுத்துப் போனோம். ஐந்தேகால் காட்டியது. கொஞ்சம் சுண்ணாம்பு போட்டாலே போதும் என்றார் கடைக்காரர். அதே நிலம், அதே மூலை. மழை கழுவிவிட்டதா? கருவி பழுதா?

"அண்ணன் நமக்குத் தெரியாம வந்து ஏதோ பண்ணிட்டாரு லா" என்றார் இவர்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றேன். ஆனால் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். "மொத தடவ மண்ண எதுல எடுத்துட்டுப் போனீங்க?"

காரின் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார். மீன் கறிக்குப் புளி கரைத்து வைக்கும் என் டப்பா. கழுவக்கூட இல்லை, அடியில் புளிச் சக்கை ஒட்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

அண்ணனைத் தேடி உடனே கிளம்பினோம். நிலத்தில் பிச்சைமுத்து அண்ணன் தலை முதல் கால்வரை வெள்ளையாக நின்றார். நாங்கள் மண் எடுத்துப் போன பிறகு வந்தவர், சொந்தக் காசில் சுண்ணாம்புத் தூள் வாங்கி, ஒற்றை ஆளாகப் பாதி நிலத்துக்கு இறைத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சந்தான் தம்பி. மண்ணு சரியாயிடும்."

இவர் என் பின்னால் ஒதுங்கினார். நான்தான் டப்பாவை நீட்டினேன். "அண்ணே, தப்பு எங்க மேலதான். புளி டப்பாவுல மண்ண எடுத்திருக்காரு. இந்த மண்ணுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டாலே போதுமாம்."

அண்ணன் டப்பாவை வாங்கி முகர்ந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என் மண்ணு சாகலையா?"

"இல்லண்ணே" என்றார் இவர். அழுதுவிட்டார்.

அண்ணன் கையிலிருந்த சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வா தம்பி. அதே சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். அந்த நாலு பேரும் இந்நேரம் அங்கதான் இருப்பாங்க."