திங்கட்கிழமைக் கீரை

"நான் கவுத்து ஊத்திட்டுத்தான் வச்சேன், நீ பாக்காம..."

"ஊத்துனீங்க, கழுவுனீங்களா, அதச் சொல்லுங்க..."

"பீலியில தண்ணி வந்தாத்தானே கழுவ? என் டேங்க நீ ஏன் தொட்ட?"

"வீட்டு மூலையில கெடந்தா எடுக்கத்தான் செய்வேன். ஸ்டோருல வைக்க வேண்டிய சாமான வீட்டுக்குத் தூக்கிட்டு வரச் சொன்னது யாரு?"

யேசுரத்தினம் மனைவி றீட்டாவிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேயிலை மலையில் களைக்கு மருந்தடிப்பது அவருடைய வேலை. திங்கள் காலை ஸ்டோருக்கு ஏறி இறங்க அலுத்துக்கொண்டு, முதுகில் மாட்டும் டேங்கை சனிக்கிழமையே லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடியில் களைமருந்து நின்றிருக்கிறது. றீட்டா அதைக் கவனிக்கவில்லை. மாட்டு மூத்திரமும் பூண்டும் மிளகாயும் ஊறவைத்த தண்ணீரை, பூச்சிக்கு அடிக்க, அதில்தான் ஊற்றினாள். அடித்து முடித்து, நல்ல பெண்ணாகக் கழுவியும் வைத்தாள். அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. லயத்துக்குப் பின்னால் சரிவு முழுக்கப் பயிர் மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது.

அந்தச் சரிவு தேயிலை செத்துப்போன இடம். கொஸ்லந்தைப் பக்கத்து மலையில் விளையும் காய்கறியெல்லாம் லொறியேறி எங்கெங்கோ போய், வாடி வதங்கி, பெரகல கடைகளுக்குத் திரும்பி வரும். சம்பளத்தன்று மட்டும் வாங்கிப் பார்க்கலாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பகல் சோற்றுக்குப் பருப்புத் தண்ணீர்தான். றீட்டாவும் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு வேலாயியும் மண்வெட்டியோடு இறங்கியது அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான். பிறகு இன்னும் இரண்டு வீட்டார் சேர்ந்தார்கள். கடை மருந்து ஒரு சொட்டும் இந்த மண்ணில் படக்கூடாது என்று நாலு வீடும் பேசி வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் சஜீவனி, விளைந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

போஞ்சிக் கொடியில் பேன்பூச்சி விழுந்தபோது, விளக்குமாற்றால் தெளித்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம் ஆகுமே என்று றீட்டா அந்த டேங்கைத் தூக்கினாள். வேலாயி அன்று பதுளைக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். தன் பாத்தியோடு நிற்காமல், உதவியாக இருக்கட்டும் என்று வேலாயியின் கீரைக்கும் சேர்த்தே அடித்தாள்.

"பனியில கருகிருச்சுன்னு சொல்லிரு. யாரு கேக்கப்போறா?" என்றார் யேசுரத்தினம், இப்போது குரலைத் தாழ்த்தி.

"திங்கக்கெழம வேலாயி பள்ளிக்கூடத்துக்குக் கீர பறிச்சாள்ல. அத என்ன சொல்ல?"

அவர் இதை நினைத்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலியே."

"ஆகலன்னு நமக்குத் தெரியுமா?"

"நீ சொன்னா பள்ளிக்கூடம் மறுபடி லொறிக் காய்க்குத்தான் போகும். அதுல இல்லாத மருந்தா?"

"அதுல இருக்குன்னுதானே நாங்க கை கொப்புளிக்க மண்ணு வெட்டுனோம்."

"தோட்டத்துத் தொர காதுக்குப் போனா என் வேலயும் போயிரும், றீட்டா."

அதற்குமேல் அவளால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. பயந்துபோன மனுஷன். "தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

வேலாயி சரிவில் குந்தி, சுருண்ட போஞ்சிக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். றீட்டாவைக் கண்டதும் சிரித்தாள்.

"வாங்கக்கா. எங்க மாரியாத்தாகிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க ஒங்க அந்தோனியார்கிட்ட சொல்லி வைங்க. ரெண்டு பேருல ஒருத்தருக்காவது காது கேக்கட்டும்."

"இது நோவு இல்ல, வேலாயி. நான் செஞ்சது."

டேங்கைப் பற்றிச் சொன்னாள். அடியில் நின்ற மருந்தைப் பற்றிச் சொன்னாள். வேலாயி கையிலிருந்த கொடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். வேர் மண்ணைத் தட்டித் தட்டி உதிர்த்தாள்.

"என் கீரைக்குமா?"

"ஒன் கீரைக்கும்தான்."

"நான் இல்லாத நேரம் பாத்து எனக்கு ஒத்தாச செஞ்சிருக்கீங்க," என்றாள். கேலி செய்யத்தான் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சரி விடுங்க. வேணும்னா செஞ்சீங்க? பிடுங்கி எரிச்சிட்டு, மழ பெஞ்சு மண்ணு தெளிஞ்சதும் மறுபடி போடுவோம். சஜீவனிகிட்ட நானே பேசுறேன்."

றீட்டாவும் குந்தி ஒரு கொடியைப் பிடுங்கினாள். வேர் சுலபமாக வந்தது. கீழே பள்ளிக்கூடத்துத் தகரக் கூரைக்குமேல் சமையல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. வேலாயி தானாகவே மனதைத் தேற்றிக்கொள்வதை அவள் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விட்டால் முழுக்கத் தேறிவிடுவாள்.

"ஒரு நல்லவேளக்கா," என்றாள் வேலாயி. "திங்கக்கெழம பறிச்சது இதுல மாட்டல. அன்னிக்கு எலயெல்லாம் பச்சப்பசேல்னு இருந்துச்சு. எம் மக விதுஷா அன்னிக்கு ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னாளாம். நம்ம வீட்டுக் கீரன்னு எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் பெரும பேசியிருக்கா."

றீட்டா கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தாள்.

"வேலாயி, நான் அடிச்சது அதுக்கு ரெண்டு நாளு முந்தி, சனிக்கெழம."