காசு வாங்காத வைத்தியம்

காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? முதுகுளத்தூர் சந்தையில் மிளகாய் வியாபாரி ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலே, எடையில் எவ்வளவு அடிக்கப் போகிறான் என்று பார்க்கிற ஆட்டு வியாபாரி நான்.

2008 மாசியில் என் பெண்டாட்டி சோணையம்மாளுக்கு மூளைக்குள் ரத்தக்குழாய் ஓரிடத்தில் புடைத்திருக்கிறது, வெடித்தால் உயிர் தங்காது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் நாகலெட்சுமி எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"பழைய முறையில கம்பிச் சுருளை வச்சு அடைப்போம். இப்ப வலை மாதிரி பின்னின சின்னக் குழாய் புதுசா வந்திருக்கு. எது நல்லதுன்னு சோதிச்சுப் பாக்குறோம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டு எடுக்கும். செலவு எங்களுது. புதுசுல என்ன கெடுதல் வரும்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இந்தச் சம்மதக் காகிதத்த வாசிச்சுப் பாத்து, அம்மாவே முடிவு சொல்லட்டும்."

தெரியாதாம்! தெரியாததை என் பெண்டாட்டி மண்டைக்குள்ளா வைத்துப் பார்ப்பது? சீட்டுக் குலுக்க இவள் என்ன ஏலச்சீட்டா? பஸ் ஊர் வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவள்தான் சொன்னாள்:

"அய்யனாருகிட்டப் பூக்கட்டிப் பாப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொண்ணுல செவப்பு. வெள்ளை வந்தா போவோம், செவப்பு வந்தா வேணாம்."

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பூசாரி குருநாதன் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். நானே திரும்பி நின்று அரளிப்பூவை இரண்டு பொட்டலமாகக் கட்டி, குலுக்கிச் சாமி முன்னால் போட்டேன். சோணை கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

"பாத்தியா? சாமியே வேணாம்னுருச்சு" என்றேன்.

அவள் என் கையையே பார்த்தாள். கிழட்டு ஆட்டைக் குட்டி என்று சொல்லி விற்கும்போது என் விரல் நடுங்கும். முப்பது வருசமாக அது அவளுக்குத் தெரியும். குனிந்து மற்றப் பொட்டலத்தையும் பிரித்தாள். யாரும் பிரிக்க மாட்டார்கள், அது வழக்கமே இல்லை. அதிலும் சிவப்பு.

குருநாதன் "அட பாவி மனுசா!" என்று வாயில் கை வைத்தார்.

"டாக்டரம்மா ஏமாத்துறாகன்னு நாலு நாளாக் கத்துனீகளே. அவுக தெரியாததத் தெரியாதுன்னு சொன்னாக. நீங்க சாமி வாயவே கட்டிட்டீக" என்றாள் சோணை.

"பயமா இருக்கு புள்ள. நீ போயிட்டா நான் என்ன செய்வேன்?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

கேட்கவில்லைதான். பையிலிருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து, கோயில் படியில் வைத்து, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள்.