குண்டனுக்குள் ஒரு விரிசல்

மூடியின் மேல் கடைசிக் கங்குத் துண்டை வைத்துவிட்டு மச்சான் இடுக்கியை உதறினார்.

"ஆச்சு. இனிமே குண்டன் பாத்துப்பான்."

மச்சானின் தங்கை புருஷனான மெக்கானிக் ஓரடி பின்வாங்கினான்.

குண்டன் என்பது ஆள் இல்லை. வார்ப்பிரும்புப் பானை. மூன்று குட்டைக் கால்கள், கங்கு உருண்டு விழாதபடி விளிம்பு தூக்கிய மூடி, தூக்கினால் இடுப்பைப் பிடிக்கும் கனம். விற்ற கடைக்காரர் டச்சு ஓவன் என்று ஏதோ பெயர் சொன்னாராம். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே குண்டன் என்று பெயர் மாற்றிவிட்டார். அடியில் கொஞ்சம் கங்கு, மூடி மேல் நிறையக் கங்கு. மேலும் கீழும் சூடு ஏற, உள்ளே கோழி தன் சாற்றிலேயே வேகும். சோப்பு போடக் கூடாது. ஊற வைக்கக் கூடாது. கழுவிய கையோடு துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளை 'கையை வெளியே நீட்டாதே' என்று அதட்டும் அதே குரலில் எல்லாரிடமும் இதைச் சொல்வார்.

அந்தக் குண்டனைத்தான் மெக்கானிக் தீர்த்துக் கட்டியிருந்தான்.

போன வாரம் இரவல் வாங்கிப் போய் வீட்டில் கோழி வைத்தான். அடி பிடித்துவிட்டது. வேலைக்குப் போன மனைவி திரும்பி வருவதற்குள் தடயத்தை அழித்துவிட வேண்டும் என்று, கறியை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டுப் பானையைச் சூட்டோடு சூடாகக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தான்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். அடியிலிருந்து பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கோடு ஏறி நின்றது.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் பார்ப்பதே ரேடியேட்டர் வேலை. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி அதன் இரும்பு பிளாக்கை வெடிக்க விட்டு வருகிறவர்களை நிற்க வைத்து, "உங்களுக்கெல்லாம் யாரு சார் லைசென்ஸ் குடுத்தது?" என்று கேட்கிறவன்.

மச்சானிடம் சொல்லியிருக்கலாம். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், போயிருக்கும். ஆனால் பட்டறையில் பிளாக் விரிசலுக்குப் பூசும் பட்டி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளேயும் வெளியேயும் பூசினான். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு இழைத்தான். எண்ணெயில் கரியைக் குழைத்துத் தடவினான். அப்புறம் அவனே தேடினாலும் கோடு தட்டுப்படவில்லை. அழகாகத் துணி சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டான். இதே அச்சில் ஒன்று வாங்கிக் கமுக்கமாக மாற்றி வைத்துவிடலாம், அதற்குள் யார் எடுக்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டான்.

கணக்கு தப்பியது. இன்றைக்கு ஏரிக்கரைக்குப் போவது என்று மச்சான் முடிவு செய்தார். வேனிலிருந்து முதலில் இறங்கியது குண்டன்.

"அவளுக்கு எதை வெச்சாலும் குமட்டுது மாப்ள. குண்டன் கோழிதான் வேணுமாம். வருஷக்கணக்கா தவமிருந்து வயித்துல ஒண்ணு வந்திருக்கு. அது கேக்குறத குடுக்க வேண்டாமா?"

அவர் மனைவி மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குக்குத் தங்கை முறை. மூன்று மாதமாகச் சாப்பாட்டைக் கண்டாலே ஓடியவள், இன்று வேனில் ஏறியதிலிருந்து தட்டையும் கரண்டியையும் மடியில் வைத்திருந்தாள்.

பட்டி டப்பாவின் மேல் கையுறை போட்ட கை ஒன்றின் படமும், வாயில் வைக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தும் உண்டு. தினமும் பார்க்கிற டப்பா. இப்போது அந்தச் சிவப்பு எழுத்து அவன் கண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது.

"மச்சான், இன்னைக்குக் கம்பியில குத்திச் சுட்டா என்ன?"

"சுடலாம். உங்களுக்குப் பசிச்சா நீங்க சுட்டுச் சாப்பிடுங்க."

"இல்ல, அந்த அலுமினியப் பாத்திரத்துல சீக்கிரம் வெந்துடும்..."

"மாப்ள," மச்சான் நிமிர்ந்தார். "உங்க பட்டறைக்கு வந்து நான் ஸ்பேனரப் புடுங்குறேனா?"

மெக்கானிக்கின் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள். "விடுண்ணே. போன வாரம் இவரு வெச்ச கோழிய இன்னும் நான் மென்னுக்கிட்டுதான் இருக்கேன். அந்தப் பொறாமை."

கோழியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் உள்ளே போயின. மிளகு தூவினார்கள். மூடி விழுந்தது. கங்கு ஏறியது.

காலால் எட்டி உதைத்துவிடலாமா? உதைத்தால் கால்தான் உடையும். அடிக்கங்கையாவது குறைப்போம் என்று குச்சியை எடுத்தான். மச்சான் பார்வையாலேயே அதைக் கீழே போட வைத்தார்.

"சும்மா நிக்காம போய் விறகு பொறுக்குங்க."

போனான். ஓடினான் என்றே சொல்லலாம். பானையைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது. சுள்ளி பொறுக்கும் சாக்கில் கரையைச் சுற்றினான். பட்டி சூடு தாங்கும், என்ஜின் சூட்டையே தாங்குகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். என்ஜின் சூடு வேறு, கங்குச் சூடு வேறு என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

சுள்ளிக்கட்டோடு திரும்பியபோது காற்றில் அது வந்தது.

கோழி வாசனை. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிளாக்கில் பட்டி கருகும்போது வருகிற, மூக்கின் உச்சியில் குத்துகிற நெடி. பத்தடி தூரத்திலேயே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

மச்சான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தபடி இருந்தார்.

"என்ன நாத்தம் இது? பிளாஸ்டிக் மாதிரி." மனைவி பக்கம் திரும்பினார். "சோப்பு போட்டியா நீ?"

அவள் தலை குனிந்தது. "ஒரே ஒரு தடவைதாங்க. நேத்து தொட்டதும் கையெல்லாம் கரியா ஒட்டுச்சு. அதான்..."

கரி. அவன் குழைத்துத் தடவிய கரி.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இரும்பு சோப்பைக் குடிச்சுக்கும், சூட்டுல கக்கும்னு சொன்னேனா இல்லையா? ஒரு வேலை, ஒரே ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியுதா உனக்கு?"

"அண்ணே, வயித்துப் பிள்ளைக்காரிய ஏன் இப்படித் திட்டுற?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"நீ சும்மா இரு. காலையிலேருந்து இவளுக்காகத்தான் வெந்துக்கிட்டிருக்கேன்."

மெக்கானிக் சுள்ளிக்கட்டை இறுக்கிக்கொண்டான். அது கையை அறுத்தது. இப்போதே சொல்லிவிடு என்று ஒரு குரல். அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாரே, கோழியை எப்படியும் கொட்டிவிடுவார், நீ தப்பித்தாய் என்று இன்னொரு குரல். இரண்டாவது குரலைக் கேட்டு அவனுக்கே கூசியது. கூசிக்கொண்டே நின்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புருஷன் கோபத்தை எப்படித் தணிப்பது என்று தெரிந்தவள்.

"நாத்தமெல்லாம் பெருசா இல்லீங்க. எனக்குத் தெரியவே இல்ல. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு வெச்சது, நானே மொதல்ல சாப்பிடுறேன்."

தட்டில் போட்டுக்கொண்டாள். ஒரு துண்டை ஊதினாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

"தங்கச்சி, வேணாம். கீழ வை."

சுள்ளிகள் சிதறின. அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. துண்டு மண்ணில் விழுந்தது.

"சோப்பு இல்ல. பட்டி. பானை வெடிச்சிருச்சு. நான்தான் வெடிக்க வெச்சேன். நான்தான் பூசினேன்."

சொல்லி முடிக்கச் சிறிது நேரமே ஆனது. குழாய், டிக், டப்பா, உப்புத்தாள், கரி. மெக்கானிக்கின் மனைவி வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷனை நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் மச்சான் கேட்டார். சத்தம் போடாமல் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

"பானை போனா போகுது மாப்ள. இவளை நான் அந்தத் திட்டு திட்டினப்போ நீங்க எங்க நின்னீங்க?"

"இங்கதான்."

"இங்கதான். நானும் இங்கதான் நின்னு திட்டியிருக்கேன்." அவர் மனைவி பக்கம் திரும்பப் பார்த்தார். முடியாமல் கங்கைப் பார்த்தார்.

அவளுக்கு அந்தப் பேச்சில் கவனமில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்திருந்தாள்.

"அண்ணே, நீங்க விறகுக்குப் போனப்ப உப்பு பாக்க ஒரு கரண்டி சாறு குடிச்சேனே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்ல மெக்கானிக்குக்கு நாக்கு துடித்தது. அது இன்னொரு பூச்சு. இன்னொரு உப்புத்தாள்.

"தெரியலம்மா," என்றான். "டாக்டரக் கேப்போம்."

மச்சான் போனை எடுத்தார். அவளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். என்ன பட்டி, டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை நேரம் கொதித்தது. மெக்கானிக் போனை வாங்கி, எதையும் குறைக்காமல், சிவப்பு எழுத்து உட்பட எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒரு கரண்டிதானே? பயப்படுற மாதிரி இல்ல. நிறையத் தண்ணி குடிக்கட்டும். வாந்தி, வயித்துவலின்னா உடனே வாங்க. இல்லைன்னாலும் காலையில வந்து காட்டுங்க. அது சரி, பூசினது யாரு?"

"நான்தாங்க."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னான். மறுமுனையில் ஒரு பெருமூச்சு, பிறகு போன் வைக்கப்பட்டது.

மச்சான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் வாங்கினாள்.

"உன்னைக் கேக்காம திட்டிட்டேன்," என்றார் தரையைப் பார்த்து.

"கேட்டுட்டுத் திட்டியிருந்தா மட்டும் இனிச்சிருக்குமாக்கும்," என்றாள். "பசிக்குது. ரொட்டி இருக்கா?"

ரொட்டியும் வாழைப்பழமும் இருந்தன. மூவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மெக்கானிக்கை யாரும் கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

அவன் வேனிலிருந்து மண்வெட்டியை எடுத்தான். கரையில் நாய்கள் திரிந்தன. கோழியைச் சும்மா கொட்ட முடியாது. கொஞ்சம் தள்ளி ஈரமண்ணில் குழி வெட்டினான். முழங்கால் ஆழம் வந்ததும் பானையைக் கவிழ்த்தான். கோழி, கிழங்கு, கேரட் எல்லாம் ஆவி பறக்க உள்ளே சரிந்தன. இரண்டு வேளைக்குப் போதுமான சாப்பாடு. பானையின் அடியில் பட்டி உரிந்து, கோடு பளிச்சென்று வெளியே வந்திருந்தது.

தங்கை எழுந்து வந்து குழி ஓரம் நின்றாள். கையில் பாதி ரொட்டி. அவனுக்கோ என்று ஒரு கணம் நினைத்தான். அவளே கடித்தாள்.

"இன்னும் ஆழமா தோண்டியிருக்கணும்ண்ணே. நாய் தின்னுட்டா அதுக்காக யாரு டாக்டருக்குப் போன் பண்றது?"

"சரிம்மா."

கோழியை மறுபடி வழித்து மேலே போட்டான். மண்வெட்டியை எடுத்தான். இடுப்பளவு வந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாராவது குரல் கொடுப்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே தோண்டினான்.