தவளைக்குத் தும்மல் வரலை

மகிமாவுக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு கோவையாக வரவில்லை. "தா", "வேணாம்", "லாரி" என்று ஒற்றைச் சொல்லாகத்தான் விழும். ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். காது நன்றாகக் கேட்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளையோடு நிறையப் பேசுங்கள், விளையாடுங்கள், படம் போட்ட புத்தகம் வாங்கிப் படித்துக் காட்டுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

மகிமாவின் அம்மா தேவப்பிரியம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு நேரம் ஏது? தண்டையார்பேட்டையில் அவர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற மொத்தக்கடை. துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள். புருஷன் பொன்சிங் சரக்கு எடுக்கவும் வசூலுக்கும் அலைந்துகொண்டிருப்பான். கடையைப் பார்ப்பது தேவப்பிரியம்தான். கடைக்கு மேலேயே வீடு. அங்கே மகிமாவைப் பார்த்துக்கொள்வது கொழுந்தன் ஜெஸ்வினின் மனைவி ஜூடி.

ஜூடி திருவொற்றியூர்ப் பெண். கல்யாணமாகி வந்த அடுத்த வருஷமே கர்ப்பமாகி, ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகு அவள் அதிகம் வெளியே போவதில்லை. மகிமாதான் அவளுக்குப் பொழுது.

ஒரு நாள் மத்தியானம் கடையில் தேவப்பிரியம் லாரிக்காரர் ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தபோது, ஜூடி படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அக்கா! மகிமா பேசிட்டாக்கா! முழுசாப் பேசிட்டா!"

"என்ன பேசினா?"

"தவளைக்குத் தும்மல் வரலைன்னு சொன்னாக்கா! அப்படியே, மூணு வார்த்தையும் சேர்த்து!"

ஜூடி சர்ச்சில் நடந்த பஜாரில் வாங்கி வந்த மெலிந்த புத்தகம் அது. ஒரு தவளைக்குத் தும்ம ஆசை. தும்மல் வருவதில்லை. கோழி இறகால் மூக்கைத் தடவும், எலி மிளகுப்பொடி கொண்டுவரும், ஒன்றும் நடக்காது. கடைசிப் பக்கத்தில் எல்லாரும் அலுத்துப்போய்த் திரும்பும்போது தவளை தும்மும், அத்தனை பேரும் குளத்தில் விழுவார்கள். அவ்வளவுதான் கதை.

லாரிக்காரர்கூடச் சிரித்தார். தேவப்பிரியமும் சிரித்தாள். சிரித்தபடியே, அளந்த அளவு மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து கயிற்றை அளந்தாள். மூன்றரை வருஷம் காத்துக் கிடந்த பேச்சு, அவள் இல்லாத இடத்தில், இன்னொருத்தி மடியில் வந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷம்தான் வரவில்லை.

அன்றிலிருந்து அவள் காது மாடியிலேயே இருந்தது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். "அச்...சூ!" என்று ஜூடி கத்துவாள், மகிமா கத்துவாள், தொப்பென்று இரண்டு பேரும் தரையில் விழுகிற சத்தம் கேட்கும். கீழே தேவப்பிரியம் வாடிக்கையாளர் கேட்டதை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

"இன்னாம்மா, உன் புள்ள மேல பேஜாரு பண்ணிகினு கீது போல?" என்பார் சுமைதூக்கும் எத்திராஜ், மேலே பார்த்துச் சிரித்தபடி.

"வேலையைப் பாருங்கண்ணே," என்பாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வரும் வழியில், தேவப்பிரியம் பெரிய கடையொன்றில் ஏறிப் புத்தகம் கேட்டாள். இருப்பதிலேயே விலை கூடியது எது என்று பார்த்து எடுத்தாள். தடித்த அட்டை, பளபளப்பான பக்கங்கள், பழம், காய், மிருகம், வாகனம் என்று நூற்றுக்கணக்கில் படம். குழந்தையின் அறிவு இரட்டிப்பாகும் என்று மேலே போட்டிருந்தது. ஜூடி வாங்கிய அந்த ஒல்லிப் புத்தகம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

சாப்பாடு முடிந்ததும் மகிமாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்ன? சொல்லு பார்ப்போம்."

மகிமா பேசவில்லை.

"ஆப்பிள். சொல்லு. ஆப்... இது என்ன கலர்? சிவப்புன்னு சொல்லு. சித்திகிட்ட மட்டும் சொல்லுவியாக்கும்?"

நாலாவது பக்கத்தில் மகிமா வழுக்கிக்கொண்டு மடியிலிருந்து இறங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அந்தப் புத்தகத்தைக் கூடாரம்போல் கவிழ்த்து, அதற்குள் பொம்மை லாரியை விட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, அந்தத் தவளைதானே வேண்டும் என்று மறுநாள் கடையைக் கொஞ்சம் முன்னதாகவே பொன்சிங்கிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, அந்தப் புத்தகத்தையே எடுத்தாள். ஜூடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகிமா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது தேவப்பிரியத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. கோழி வந்தது, எலி வந்தது. கடைசிப் பக்கத்தில் அவள் "அச்சூ" என்றாள். வாசித்த கையோடு, எழுதியிருந்ததைச் சொல்வதுபோல.

மகிமா தன் சின்னக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"நீ வேணாம். சித்தி."

ஜூடி உடனே, "அம்மா சொல்லட்டும்டா தங்கம், அம்மா நல்லாத்தானே சொல்றா," என்றாள். அந்தச் சமாதானம்தான் தேவப்பிரியத்தைச் சுட்டது. தன் பிள்ளையிடம் தனக்காக இன்னொருத்தி சிபாரிசு செய்கிறாள்.

மறுநாள் காலை தவளைப் புத்தகம் காணாமல் போனது. தேவப்பிரியம் அதை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய்க் குடோனில் தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவே செருகிவிட்டாள். மேலே ஜூடி கட்டிலுக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் தேடினாள். மகிமா அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக் கீழே ஒருத்தி திருப்திப்பட்டாள். திருப்திப்பட்டது தெரிந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த அழுகை அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஜூடி ஒரு பச்சைத் துண்டை முடிச்சுப்போட்டுத் தவளையாக்கினாள். குக்கர் மூடி குளமானது. துணி கிளிப்புகள் கோழியும் எலியுமாயின. இப்போது சிரிப்பு முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

தேவப்பிரியம் மாடியேறினாள்.

"சோறு ஊட்டியாச்சா அவளுக்கு?"

"இதோ, இந்த ஆட்டம் முடிஞ்சதும்..."

"ஆட்டம், ஆட்டம்! என் பிள்ளையை வச்சே உன் பொழுது போகணுமா? உனக்குன்னு ஒண்ணைப் பெத்து அதுகூட ஆடு!"

சொன்ன மறுகணம் அந்த வார்த்தையை அள்ளி விழுங்கிவிட மாட்டோமா என்றிருந்தது. ஜூடி குனிந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். சாயங்காலம், அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஜெஸ்வினிடம் சொல்லிவிட்டுத் திருவொற்றியூருக்குப் போய்விட்டாள்.

"என்ன மதினி, எதுவும் சண்டையா?" என்று ஜெஸ்வின் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் தேவப்பிரியம்.

இப்போது மகிமா முழுக்க முழுக்க அவளுக்கே. கடைக்குக் கூட்டிவந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். பிள்ளை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, பேசவும் இல்லை. படிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவப்பிரியம் கேட்டதற்கெல்லாம் பழையபடி "வேணாம்" ஒன்றுதான் பதில். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதெல்லாம் நினைவுக்கு வந்து அவளுக்குப் பயம் பிடித்தது. ஜெயித்த வீட்டில் தோற்றவள்போல் நடமாடினாள்.

அந்த வாரம் லாரிகள் ஓடவில்லை. வாடகை உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். மழை வேறு. கடையில் ஈ காக்கா இல்லை. எத்திராஜ் பழைய தார்ப்பாய் ஒன்றைக் குடோனில் விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். மகிமா போய் அதற்குள் நுழைந்துகொண்டாள். தேவப்பிரியம் அலுப்போடு அருகில் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்தாள். கேள்வி கேட்கத் தெம்பில்லை. சும்மா இருந்தாள்.

தார்ப்பாய்க்குள் ஒரு மேடு நகர்ந்தது. "டுர்ர்ர்" என்று மெல்லிய சத்தம். மேடு வந்து அவள் காலில் முட்டி நின்றது.

துறைமுக கேட்டில் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த கதையை லாரிக்காரர்கள் தினமும் அவளிடம்தான் கொட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது:

"யாருப்பா அது? எந்த லாரி?"

மேடு லேசாக அசைந்தது. பிறகு, "மகி லாரி."

"கேட் பாஸ் இருக்கா?"

"இல்ல."

"பாஸ் இல்லாம உள்ள விட முடியாது. வண்டியை ரிவர்ஸ் எடு!"

தார்ப்பாய்க்குள்ளிருந்து கிளுக்கென்று ஒரு சிரிப்பு. மேடு பின்னால் போனது, மறுபடி வந்தது. ஓரத்திலிருந்து சின்னக் கை ஒன்று ஒரு துண்டுக் கயிற்றை நீட்டியது.

"பாஸ்."

தேவப்பிரியம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது போன வருஷத்துப் பாஸாச்சே!"

மகிமா உள்ளே உருண்டு உருண்டு சிரித்தாள். எத்திராஜும் சேர்ந்துகொண்டார். "யம்மோவ், நம்ம வண்டிய வுடும்மா, சரக்கு கெட்டுப்பூடும்!" என்று இன்னொரு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஹாரன் அடித்தார். மத்தியானம் வரை ஆடினார்கள். தேவப்பிரியத்தின் முழங்காலெல்லாம் அழுக்கு. கடைசியில் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்த மகிமா, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"சித்தி லாரியும் வரணும். சித்திகிட்ட பாஸ் கீது."

கழுத்தில் பிள்ளையின் கை இருக்கும்போதே அந்த முள் மறுபடி தைத்தது. இங்கேயும் அவளா? ஆனாலும் பிள்ளை பேசிவிட்டாள். யாரைப் பற்றிப் பேசினால் என்ன? தேவப்பிரியம் எழுந்து தார்ப்பாய்க் கட்டுகளுக்கு இடையில் கையை விட்டுப் புத்தகத்தை உருவி எடுத்தாள்.

அடுத்த நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். திருவொற்றியூர் வீட்டில் ஜூடி கதவைத் திறந்ததும் மகிமா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். ஜூடி பிள்ளையைத் தூக்கி உள்ளே தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

தேவப்பிரியம் புத்தகத்தை நீட்டினாள். "நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

"புத்தகம் போனாப் போகுது. நீங்க சொன்ன வார்த்தை?"

"சொல்லியிருக்கக் கூடாது. பொறாமைல சொல்லிட்டேன் ஜூடி. அவ முதல்ல பேசினது உன்கிட்ட. அதை என்னால தாங்க முடியலை."

ஜூடி வழிந்த கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் மட்டும் என்ன ஒழுங்கா? சாயங்காலம் நீங்க படியேறுற சத்தம் கேக்கும்லக்கா, அப்பப் பார்த்துத்தான் அந்தப் புத்தகத்தை எடுப்பேன். வேணும்னே. இல்லைன்னா உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் என்னை அப்படியே விட்டுட்டு ஓடிருவா. நாள் பூரா நான் வச்சிருக்கேன், ஒரு நிமிஷத்துல அம்மான்னு ஓடிருவா."

 தான் வரும்போது பிள்ளை ஓடிவராத ஒவ்வொரு சாயங்காலமும் தேவப்பிரியத்தின் கண்முன் வந்தது. கோபம் வந்தது. அறைந்துவிடலாம்போல் ஒரு கணம். அடுத்த கணம், தன்னை எப்போது விட்டுவிட்டு ஓடுவாளோ என்று பயந்து பயந்து பக்கம் புரட்டிய ஜூடியை நினைத்து அந்தக் கோபம் கால் ஒடிந்து உட்கார்ந்தது.

"நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாப் பிள்ளையை நல்லா இழுத்திருக்கோம்," என்றாள்.

"உட்காருங்க. காபி போடுறேன்," என்றாள் ஜூடி.

அன்றைக்கே அவள் திரும்பி வந்துவிடவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஜெஸ்வினோடு வந்தாள். அதற்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாடியில் சிரிப்புக் கேட்டால் தேவப்பிரியத்தின் கை இன்னும் ஒரு கணம் நிற்கும். குடோனில் ஆட்டம் நடந்தால் ஜூடி படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, முகம் சுருங்கி மேலே போவாள். ஆனால் சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டதும், "மகி, யாரு வர்றா பாரு," என்று ஜூடியே சொல்ல ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு பேரும் மகிமாவைக் கூட்டிக்கொண்டு புத்தகம் வாங்கப் போனார்கள். நெடுஞ்சாலையோரம் ரஷீது என்பவரின் சின்னக் கடை. தேவப்பிரியம் இப்போது அட்டையைப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கத்தில் பிள்ளைக்குக் கத்தவோ குதிக்கவோ வேலை இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தாள். ஜூடி எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"இது என்ன, வெறும் படம்? இதுல வாசிக்க என்ன இருக்கு?"

"வாசிக்க இல்லக்கா. அவ சொல்லுவா, நாம கேக்கணும்."

"இதைப் பாரு, குரங்கு மரத்துக்கு மரம் தாவுது. கட்டில்ல இருந்து மெத்தைக்குத் தாவலாம்."

"கட்டில் ஒடிஞ்சா?"

"ஒடியட்டும்."

இப்படி வழக்காடிவிட்டுத் திரும்பினால் மகிமாவைப் பக்கத்தில் காணோம். கடைக்கு உள்ளே ரஷீதின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் அவளாகவே எடுத்த ஒரு பழைய புத்தகம், மூலை மடங்கிப்போனது. ரஷீது அதை விரித்துவைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"அப்பால யானை இன்னா சொல்லிச்சு தெரியுமா கண்ணு? 'யோவ் முதலை, காலை வுடுய்யா, கூசுது!'"

மகிமா தரையில் விழுந்து சிரித்தாள். "இன்னொருவாட்டி சொல்லு!"

தேவப்பிரியமும் ஜூடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த ஆளு யாருக்கா?" என்றாள் ஜூடி தாழ்ந்த குரலில். "சீக்கிரம் வாங்கிட்டுக் கிளம்புவோம்."

"மூணையும் வாங்கிருவோம்," என்ற தேவப்பிரியம் பிள்ளையை நோக்கி வேகமாக நடந்தாள்.