சம்பந்தி வீட்டில் மட்டும் ஒழுகும் வண்டி

பாலுசாமியின் பிக்கப் வண்டிக்கு ஊர் உலகத்தில் இல்லாத ஒரு சீக்கு வந்திருந்தது. மூலனூரில் முருங்கைத் தோப்போரம் நின்றால் ஒழுகாது. கோயமுத்தூர் மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது ஒழுகாது. சொந்த வாசலில் ராத்திரி முழுக்க நின்றாலும் ஒழுகாது. சிங்காநல்லூரில் மகள் லோகப்பிரியாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில், புதிதாக வெள்ளை டைல்ஸ் பதித்த போர்ட்டிகோவில் நிறுத்தினால் மட்டும் எண்ணெய் ஒழுகும். இத்தனைக்கும் அங்கே ஒழுகியது ஒரே ஒரு தடவைதான். மானஸ்தனுக்கு அந்த ஒரு தடவை போதாதா?

அன்றைக்கு அவர் மகள் வீட்டில் தங்கப் போயிருந்தார். மாமனார் வண்டி தெருவில் நிற்பதாவது என்று மாப்பிள்ளை மதன்குமார் தன் காரை வெளியே எடுத்து விட்டுவிட்டு, போர்ட்டிகோவில் பிக்கப்பை நிறுத்த வைத்தான். காலையில் வண்டியைப் பின்னால் எடுத்தவர் கண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை பட்டது. யாரும் வருவதற்குள் தோளில் கிடந்த துண்டை உருவி, குனிந்து துடைக்க ஆரம்பித்தார். சம்பந்தியம்மா கோமளா காபியோடு வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அட, உடுங்க சம்மந்தி. அதனால என்னங்க இப்ப?"

கோமளா மனசாரத்தான் சொன்னாள். ஆனால் நம் பக்கத்தில் 'அதனால என்னங்க' என்பதை எப்படியெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று பாலுசாமிக்குத் தெரியாதா? அவர் இருப்பதிலேயே மோசமான அர்த்தத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியவர்தான்; அதற்கப்புறம் அந்தப் படியேறவில்லை. வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவார், கேட்டுக்கு வெளியே நின்று காய்ப் பையைக் கொடுப்பார், "லோடு நிக்குதுங்க" என்று நடையைக் கட்டுவார்.

பஸ்ஸில் போய் வரலாமே என்று மனைவி வள்ளியாத்தாள் கேட்டாள். நல்ல யோசனைதான். ஆனால் பஸ்ஸில் போய் இறங்கினால், "வண்டி இன்னும் ஒழுகுதுங்களா?" என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்களே!

இதற்கிடையில் லோகப்பிரியா முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தூரப் பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளால் மூலனூர் வர முடியாது. "எப்பப்பா வந்து ரெண்டு நாள் இருப்பீங்க?" என்று போனில் கேட்பாள். "லோடு முடியட்டும் கண்ணு" என்பார். போனை வைத்த பிறகு அவருக்குச் சோறு இறங்காது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் வண்டி ஒழுகாமல் இருக்க வேண்டும்.

தாராபுரத்தில் ஒரு மெக்கானிக் டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்றினார். பல்லடத்தில் இன்னொருவர் எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் ஆயில் சீலை மாற்றினார். ஒழுகுகிறது என்று அழாக்குறையாக வந்து நிற்பவரிடம் ஒழுகவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? பாலுசாமிக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் சிங்காநல்லூரிலேயே ரசாக் என்ற மெக்கானிக்கின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

ரசாக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான், பானெட்டைத் தூக்கிப் பார்த்தான், ஆயில் கேஜை உருவித் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தான்.

"ஆயில் கொறையுதுங்களாண்ணா?"

"இல்லீங்க தம்பி."

"உங்கூட்டு வாசல்ல சொட்டுதுங்களா?"

"நம்மூட்டுல சொட்டறதில்லீங்க. ஒரம்பரை ஊட்டுக்கு, சம்மந்தி ஊட்டுக்குப் போனாத்தான் சொட்டுது."

ரசாக் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்பதுதான் சரி. "ஒழுகற எடம் ஒண்ணாவும் சொட்டற எடம் ஒண்ணாவும் இருக்கும்ணா. மேல கசியறது காத்துல பின்னால ஓடி எங்கியோ கீழ விழும். பார்த்துருவோம்" என்றான். எஞ்சினை டீசல் விட்டுக் கழுவினான். காற்றடித்துக் காயவைத்தான். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழிருந்த பவுடர் டப்பாவை எடுத்து வந்து எஞ்சின் முழுக்கத் தூவினான். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அத்தனை பவுடர் போட்டு பாலுசாமி பார்த்ததில்லை. எங்கே எண்ணெய் கசிந்தாலும் அந்த இடத்துப் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"சூலூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க."

போய்த் திரும்பியதும் பானெட்டைத் திறந்தார்கள். ரசாக் டார்ச் அடித்து மேலும் கீழும் பார்த்தான். பூசிய பவுடர் பூசியபடியே இருந்தது. ஓர் இடம்கூட நனையவில்லை.

"அண்ணா, உங்க வண்டில லீக்கே இல்லீங்க."

"அப்பறம் அன்னிக்கு நான் தொடச்சது என்னங்க?"

"என்ன கலரு?"

"சேப்புங்க. வெத்தல போட்டுத் துப்புனாப்பல."

ரசாக் டார்ச்சை அணைத்தான். "டீசல் எஞ்சின் ஆயிலு ஊத்துன ரெண்டு நாள்ல கருப்பாயிரும்ணா. சேப்பா இருக்கறது பவர் ஸ்டீயரிங் ஆயிலு. உங்க வண்டிக்கு பவர் ஸ்டீயரிங்கே கெடையாது. நீங்க நிறுத்தறதுக்கு முந்தி அந்த எடத்துல என்ன நின்னுது?"

பாலுசாமி அந்தப் போர்ட்டிகோவை நினைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் கார்தான் நின்றது.

முதலில் சந்தோஷம் வந்தது. தலையிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. சம்பந்தி வீட்டுக்குப் போய் உங்கள் கார்தான் ஒழுகியது என்று எந்த வாயால் சொல்வது? அதைவிடப் பேசாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ரசாக்தான் விடவில்லை.

"அந்த ஆயிலு தீர்ந்துபோச்சுன்னா ஸ்டீயரிங் திடீர்னு கல்லாட்டம் ஆயிரும்ணா. சொல்லிப்போடுங்க."

லோகப்பிரியா ஆஸ்பத்திரிக்குப் போவது அந்தக் காரில்தான். பாலுசாமி அதற்கு மேல் நிற்கவில்லை. நேரே வண்டியை விட்டு, தெருவில் நின்ற மாப்பிள்ளையின் காரைத் தாண்டி, திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, அந்த வெள்ளை டைல்ஸ் மேலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். எங்கே நிறுத்தினோம் என்பதே அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

"வாங்க சம்மந்தி, வாங்க!" கோமளாவுக்கு வாயெல்லாம் பல். மதன்குமார் சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடி வந்தான். பாலுசாமி உட்காராமலே கேட்டார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. காருல ஸ்டீயரிங் ஆயிலு ஒழுகுதுங்களா?"

மதன்குமார் முகம் செத்துவிட்டது. "இல்லீங்க மாமா... அப்பவே ஆயிலு போற ஓஸ் பைப்ப மாத்திட்டனுங்க. நீங்க வந்துட்டுப் போன வாரத்துலயே மறுக்கா சொட்டுச்சு. அப்பத்தான் நம்ம காருன்னு தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன்டா சொல்லல?" என்றாள் கோமளா.

"எப்படிம்மா சொல்றது? மாமா துண்டப் போட்டுத் தொடச்சு, மன்னிப்பும் கேட்டுட்டுப் போயிட்டாரு. நம்ம காருதான்னு சொன்னா அவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

கோமளா தலையில் அடித்துக்கொண்டாள். பாலுசாமி, "அதனால என்னங்க மாப்ள, உடுங்க" என்றார். ஓஸ் மாற்றியாகிவிட்டது, மகள் போகிற காருக்கு ஒன்றுமில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் சமாதானம் செய்துகொண்டிருந்தபோது, உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு லோகப்பிரியா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இதுக்காகவாப்பா நீங்க வரல?"

பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டுக்கு வெளிய நின்னு பையக் குடுத்துட்டுப் போவீங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு யோசிச்சு யோசிச்சுக் கெடந்தனுங்க." அவள் புருஷன் பக்கமும் திரும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாத குடுத்துட்டீங்க. எனக்கு ஆருப்பா குடுக்கறது?"

மதன்குமார் சுவரைப் பார்த்தான். பாலுசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது அப்போதுதான் நெஞ்சில் குத்தியது. முகம் பூரித்து, கால் லேசாக வீங்கி, வள்ளியாத்தாள் அவளைச் சுமந்தபோது இருந்த மாதிரியே இருந்தாள்.

"தப்புத்தான் கண்ணு" என்றார். "இன்னைக்கு இங்கயே இருக்கறேன். நாளைக்கு அம்மாவையும் வரச் சொல்றேன்."

லோகப்பிரியா வந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே நெசமாவே ஒழுகுனாலும் உள்ளதான் நிறுத்தோணும்ப்பா" என்றாள். "தொடைக்கறதுக்கு இவரு இருக்கறாரு."